ஒரு தந்தியும் இரண்டு சின்னச் சொற்களும்

தந்தி ஆபீஸ் நாட்களைப் பற்றி முன்பு எழுதியபோது ஒரு சம்பவத்தை எழுதாமல் விட்டுவிட்டேன். எழுதக் கூச்சமாக இருந்தது. இப்போது எழுதலாம்; சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது.

1974-ம் வருடம். கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்துத் துணை அஞ்சலகத்தில் எழுத்தராக இருந்தேன். வயது 25. தமிழ் மீடியத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்துக்கு 58 மார்க் வாங்கியவன். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் அது பெரிய மார்க். மோர்ஸ் பயிற்சி முடித்திருந்ததால் தந்தியும் என் பொறுப்பு. கருவி கட்டு கடா என்று அடிக்கும்; காதால் வாங்கிக் கையால் எழுத வேண்டும். எழுதிக் கொடுப்பதோடு வேலை முடியாது. ஊருக்கு வரும் தந்தியெல்லாம் ஆங்கிலம். பொருள் சொல்வதும் எங்கள் தலையில்தான் விழும்.

ஒரு நாள் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்குத் தந்தி வந்தது. அப்பா இல்லை. அம்மாவுக்குத் தீப்பெட்டி ஒட்டுகிற வேலை. கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் வேலைக்கு எழுதிப் போட்டு, பத்தாம் தேதி இண்டர்வியூ என்று கடிதமும் வந்திருந்தது. தந்தியில் இருந்தது இவ்வளவுதான்: "இண்டர்வியூ டென்த் புட் ஆஃப் லெட்டர் ஃபாலோஸ்."

எல்லாம் பெரிய எழுத்து. கமா கிடையாது, புள்ளி கிடையாது. நான் எப்படிப் படித்தேன் தெரியுமா? "இண்டர்வியூ டென்த் புட்" என்று ஒரு மூச்சு. "ஆஃப் லெட்டர் ஃபாலோஸ்" என்று இன்னொரு மூச்சு. புட் என்றால் போடு. நம் பேச்சில் தேதி போடுவது என்றால் தேதி குறிப்பது. ஆஃப் என்பதை ஆபீஸ் என்பதன் சுருக்கம் என்று நினைத்தேன். தந்தியில் காசை மிச்சம் பிடிக்கச் சொல்லைச் சுருக்குவது சகஜம்தானே?

"என்ன யய்யா போட்டிருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"பத்தாம் தேதி இண்டர்வியூவை உறுதி பண்ணிட்டாங்கம்மா. ஆபீஸ் லெட்டர் பின்னால வருதாம்" என்றேன்.

போவதா வேண்டாமா என்று அதுவரை யோசித்துக்கொண்டிருந்தவர், என் வார்த்தையை நம்பி அன்று சாயந்திரமே ஆட்டை விற்றார். வீட்டில் இருந்ததே இரண்டு ஆடு.

பையன் போனான். பத்தாம் தேதி மில் வாசலில் காவலாளி திருப்பி அனுப்பினார். அதே நாள் மத்தியானத் தபாலில் இங்கே கடிதம் வந்தது. அம்மா கொண்டுவந்து நீட்டினார். பிரித்துப் படித்தேன். "போஸ்ட்போன்டு டு தர்ட்டீன்த்" என்று அதில் இருந்தது. போஸ்ட்போன் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு விநாடியில் தந்தி முழுவதும் புரிந்துவிட்டது. வயிறு கலங்கியது. பையனுக்கு எப்படிச் சொல்வது? கோயம்புத்தூரில் அவன் எங்கே இருக்கிறான் என்று யாருக்குத் தெரியும்? திரும்புகிற காசுக்காகத் திருப்பூரில் சொந்தக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவன் ஊர் வந்து சேர்ந்தது பதினான்காம் தேதி காலை. இண்டர்வியூ முந்தின நாளே முடிந்துவிட்டது.

"அவங்க தேதியை மாத்திட்டாங்கம்மா" என்று மட்டும் சொன்னேன். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

போஸ்ட்போன் தெரிந்த எனக்குப் புட் ஆஃப் எப்படித் தெரியாமல் போயிற்று? இந்தக் கேள்வி பல வருடம் என்னைக் குடைந்தது. இரண்டில் எது சின்னச் சொல், எளிய சொல்? ஓர் ஆங்கிலேயக் குழந்தைக்குப் புட் ஆஃப் சின்ன வயதிலேயே காதில் விழும். போஸ்ட்போன் பள்ளிக்கூடம் போன பிறகு வரும். எனக்கு நேர் தலைகீழ். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போஸ்ட்போன் லத்தீன் வழி வந்த சொல். போஸ்ட் என்றால் பின்னால், போனெரே என்றால் வைத்தல், போடுதல். அப்படியே "பின்னால் போடு". 1066-ல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பல நூற்றாண்டுகளாகப் பிரெஞ்சும் லத்தீனும் கோர்ட், கோயில், படிப்பு என்று மேலே உட்கார்ந்துகொண்டன. அடுப்படியிலும் வயலிலும் புழங்கிய பழைய ஆங்கிலச் சொற்கள், புட், கெட், கோ, கம், டேக் போன்றவை, கீழே தங்கின. தங்கியவை சும்மா இருக்கவில்லை. அப், அவுட், ஆஃப், இன் என்ற சின்னச் சொற்களைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு நூற்றுக்கணக்கான புதுப் பொருள்களைப் பெற்றுப் போட்டன.

நமக்கு ஆங்கிலம் அடுப்படி வழியாக வரவில்லை. கச்சேரி வழியாக, கலெக்டர் ஆபீஸ் ஃபைல் வழியாக வந்தது. 1835-ல் மெக்காலே குறிப்பு, 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம், அதன் பிறகு பரீட்சை, குமாஸ்தா உத்தியோகம். படித்த ஆங்கிலம் எழுத்து ஆங்கிலம். அதனால் நமக்குப் பெரிய சொல் பழகிய சொல். சின்னச் சொல் அந்நியச் சொல். தந்தியிலேயே பாருங்கள். "ஃபாதர் எக்ஸ்பயர்டு ஸ்டார்ட் இமீடியட்லி" என்ற தந்தியை நான் எத்தனை தடவை எழுதிக் கொடுத்திருப்பேன்! வெள்ளைக்காரன் வீட்டில் அப்பா "பாஸ்டு அவே" ஆவார். நம் வீட்டில் லைசென்ஸ் காலாவதி ஆகிற மாதிரி எக்ஸ்பயர் ஆனார். யாரும் தப்பாக நினைக்கவில்லை. அழுதுகொண்டே பஸ் ஏறினார்கள்.

போஸ்ட்போனுக்கு எதிர்ச்சொல் வேண்டும் என்று நம்மவர்கள் "ப்ரீபோன்" என்று ஒன்றை உண்டாக்கியதும் இதே கதைதான். ஆங்கிலேயர் அதற்குச் சொல்வது "பிரிங் ஃபார்வர்டு", அதாவது முன்னால் கொண்டு வா. அந்த இரண்டு சின்னச் சொல்லை நம்பாமல் லத்தீன் சாயலில் நாமே ஒன்று செய்துகொண்டோம். அது இன்று ஆக்ஸ்போர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

இந்தச் சின்னச் சொற்களின் தொல்லையை முதலில் பளிச்சென்று எழுதிவைத்தவர் டாக்டர் சாமுவேல் ஜான்சன். 1755-ல் தன் பெரிய ஆங்கில அகராதியை வெளியிட்டார். அதன் முன்னுரையில், வினைச்சொல்லோடு ஒரு சின்ன ஒட்டு சேர்ந்து பொருளே மாறிவிடும் வகை ஒன்று ஆங்கிலத்தில் ஏராளம் என்றும், அந்நியர்களை அதிகம் திணற அடிப்பது அதுதான் என்றும் சொல்கிறார். ஃபால் ஆன் என்றால் மேலே விழுவது அல்ல, தாக்குவது. பிரேக் ஆஃப் என்றால் சட்டென்று நிறுத்துவது. இப்படி ஒரு பட்டியலே கொடுக்கிறார். அதில் "செட் ஆஃப்" என்பதற்கு அவர் சொல்லும் பொருள் அழகுபடுத்துவது. இன்றைக்குச் செட் ஆஃப் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பயணம் கிளம்புவது. நம் "ஸ்டார்ட் இமீடியட்லி"யில் உள்ள ஸ்டார்ட்டுக்கு அவர்கள் வீட்டுச் சொல் அதுதான். நம்மைத் திணற அடிப்பதோடு நிற்காமல், இந்தச் சொற்கள் காலத்துக்குக் காலம் வேஷமும் மாற்றுகின்றன.

இவற்றுக்கு ஒரு பெயர் நிலைக்கவே இன்னும் 170 வருடம் ஆயிற்று. லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் 1925-ல் வெளியிட்ட "வேர்ட்ஸ் அண்ட் இடியம்ஸ்" என்ற நூலில் "ஃப்ரேசல் வெர்ப்" என்ற பெயரைப் பயன்படுத்தினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஹென்றி பிராட்லி என்றும் எழுதினார். பிராட்லி ஆக்ஸ்போர்டு ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர்களில் ஒருவர். தமிழில் கூட்டுவினை என்று சொன்னால் ஏறக்குறைய பொருந்தும்.

அடுத்து வந்தவர் ஆக்டன். 1930-ல் "பேசிக் இங்கிலீஷ்" என்று ஒரு திட்டம் போட்டார். மொத்தம் 850 சொற்கள். உலகம் பூராவும் இதை வைத்தே பேசிக்கொள்ளலாம் என்றார். சர்ச்சிலே 1943-ல் ஹார்வர்டில் இதைப் பாராட்டிப் பேசினார். இதில் வினைச்சொல் எத்தனை என்கிறீர்கள்? பதினெட்டே பதினெட்டு. எப்படிச் சமாளித்தார்? என்டர் வேண்டாம், கோ இன் போதும். போஸ்ட்போன் எதற்கு, புட் ஆஃப் இருக்கிறதே! ஆங்கிலேயருக்கு இது சுலபமாகத் தெரிந்திருக்கும். என்னைப் போன்றவன் என்ன செய்வான்? புட் தெரியும், ஆஃப் தெரியும், புட் ஆஃப் தெரியாது. சொல்லை எண்ணினால் 850. பொருளை எண்ணினால் கணக்கு எங்கோ போகும். டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்து, வங்காளப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பார்த்த மைக்கேல் வெஸ்ட் இந்தத் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர். வகுப்பறையில் நின்றவருக்குத்தானே வலி தெரியும்.

எனக்குக் கைகொடுத்தவர் ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்தவர். அங்கே மாணவர்கள் படுகிற பாட்டைப் பார்த்து, நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, கற்பவர்களுக்கென்றே ஓர் அகராதி தயாரித்தார். 1942-ல் டோக்கியோவில் வந்தது. 1948-ல் ஆக்ஸ்போர்டு அதை வெளியிட்டது. 1976-ல் மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதன் பிற்காலப் பதிப்பு ஒன்று, அட்டை போனது, எனக்குக் கிடைத்தது. பஸ்ஸிலேயே புட் என்ற சொல்லைத் தேடினேன். பத்தி பத்தியாக ஓடியது. சாத்தூர் வருகிற வரைக்கும் அந்த ஒரு சொல்லைத்தான் படித்தேன். புட் ஆஃப் இருந்தது. ஒரு வருடத்துக்கு முன்னால்தான், 1975-ல், கௌவி, மாக்கின் என்ற இருவர் இந்தக் கூட்டுவினைகளுக்கென்றே தனியாகக் கனத்த அகராதி ஒன்று கொண்டுவந்திருந்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது. கற்றறிந்தவர்களே அகராதி போட்டுத்தான் இதைப் பிடிக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

பள்ளிக்கூடத்தில் ஏன் சொல்லிக்கொடுக்கவில்லை? வாத்தியார்களைக் குறை சொல்ல மாட்டேன். 1960-ஐ ஒட்டிச் சென்னை மாநிலத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 27,000 பேருக்கு ஆங்கிலம் கற்பிக்க மறுபயிற்சி கொடுக்கும் பெரிய இயக்கம் நடந்தது. பத்துப் பேர் கற்று நூறு பேருக்கு, நூறு பேர் ஆயிரம் பேருக்கு என்று பனிப்பந்து உருளுகிற மாதிரி போகும் ஏற்பாடு. வாக்கிய அமைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக, பொருளைக் காட்டி, செய்துகாட்டிக் கற்பிக்கும் முறை. வாத்தியார் புத்தகத்தைத் தூக்கி மேஜைமேல் வைத்து, "ஐ ஆம் புட்டிங் த புக் ஆன் த டேபிள்" என்பார். நாங்களும் கோரஸாகச் சொல்வோம். நல்ல முறைதான், அந்த வாக்கியம் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஆனால் கையால் செய்துகாட்ட முடிகிற புட் மட்டுமே அதில் வரும். இண்டர்வியூவைத் தூக்கித் தள்ளிவைத்து யார் காட்டுவது?

இங்கே ஒரு விஷயம். சற்று முன் "தள்ளிவைத்து" என்று எழுதினேனே, பேச்சில் அதை "தள்ளிப்போடு" என்போம். தள்ளு ஒரு வினை, போடு ஒரு வினை. சேர்த்தால், யாரும் எதையும் தள்ளவும் இல்லை, போடவும் இல்லை, நாள் நகர்கிறது. ஆங்கிலத்தில் புட் என்றால் போடு, ஆஃப் என்றால் விலக்கி. அப்படியே தள்ளிப்போடு! போஸ்ட்போனிலும் ஒரு போடு, புட் ஆஃபிலும் ஒரு போடு, நம் தள்ளிப்போடுவிலும் ஒரு போடு. இதை யாராவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஆடு தப்பித்திருக்கும்.

நம் பேச்சில் இது கொட்டிக்கிடக்கிறது. லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். அதில் லுக், இதில் பார். இரண்டிலும் கண் வேலை செய்யவில்லை, மனசு வேலை செய்கிறது. ஃபைண்ட் அவுட் என்றால் கண்டுபிடி. புட் அப் வித் என்றால் பொறுத்துக்கொள். ஊருணி டிரை அப் ஆனால் நமக்கு வற்றிப்போயிற்று. ஒருவன் பண்டத்தை ஈட் அப் செய்தால் நமக்குத் தின்று தீர்த்துவிட்டான். அந்த அப் மேலே என்ற பொருளில் வரவில்லை. மிச்சம் இல்லை என்று சொல்ல வருகிறது. நம் விடு, தீர், போ செய்கிற வேலையை அங்கே அப் செய்கிறது.

வித்தியாசமும் உண்டு. ஆங்கிலத்தில் காலம் காட்டுவது முன்னால் நிற்கும் வினை: லுக்டு ஆஃப்டர். தமிழில் பின்னால் நிற்பது: பார்த்துக்கொண்டான். புட் என்ற சொல்லோ இறந்த காலத்திலும் புட்டாகவே நிற்கும். என்னைக் குழப்பியதில் அதற்கும் பங்கு உண்டு. ஆங்கிலத்தில் நடுவில் ஆள் நுழையலாம்: புட் இட் ஆஃப். தமிழில் நடுவில் ஆள் நுழைய முடியாது. ஆனால் "தள்ளித்தான் போட்டார்கள்" என்று ஒரு தான் நுழையும். எல்லாச் சொல்லும் இப்படி ஜோடி சேராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விட்டுக்கொடு என்பதற்கு லீவ், கிவ் என்று தேடினால் கிடைக்காது; கிவ் இன் என்று வேறு வழியில் போக வேண்டும். என் மகன் 1995-ல் காலேஜ் "பாஸ் அவுட்" ஆனான் என்று ஆங்கிலேயரிடம் சொன்னால், ஐயோ மயங்கி விழுந்தானா என்று கேட்கக்கூடும்.

இன்னொரு நுணுக்கம் நம் தமிழில் இருக்கிறது. கரிசல்காட்டுக்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். மழை பெய்தது, அது செய்தி. மழை பெய்துவிட்டது, விதைக்கலாம், வேலை ஆயிற்று. மாசியில் பருத்தி வெடித்து வெள்ளையாக நிற்கும்போது வந்தால்? மழை பெய்து தொலைத்தது. மழை ஒன்றுதான். தொலை என்ற ஒரு துணைவினையில் சம்சாரியின் மொத்த வயிற்றெரிச்சலும் வந்துவிடுகிறது. இதை ஒரு வெளிநாட்டுக்காரர் எப்படிக் கற்பார்?

கற்றார்கள். நம் பக்கத்திலேயே கற்றார்கள். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டிக்குப் போயிருப்பீர்கள். மாதா கோயில் திருவிழா பிரசித்தம். இத்தாலியில் 1680-ல் பிறந்து, 1710-ல் கோவாவில் வந்து இறங்கிய பெஸ்கி, நம் வீரமாமுனிவர், ஆரம்ப காலத்தில் பணி செய்த ஊர்களில் அதுவும் ஒன்று. அவர் செந்தமிழுக்குத் தனியாக இலக்கணம் எழுதினார். ஆனால் அதற்கு முன்பே கொடுந்தமிழுக்கு, அதாவது பேச்சுத் தமிழுக்கு, லத்தீனில் ஓர் இலக்கணம் எழுதிவிட்டார். 1728-ல் முடித்தார், 1738-ல் தரங்கம்பாடியில் அச்சானது. புதிதாக வரும் பாதிரியார்கள் ஜனங்களோடு பேச வேண்டுமே, அதற்காக. நாம் சிரித்துப் படித்த பரமார்த்த குரு கதையும் அப்படிப் பேச்சு வழக்கில் பழகுவதற்கென்று அவர் எழுதியதுதான்.

அவர் வீட்டுத் தமிழை மதித்து அதற்கு இலக்கணம் போட்டார். நமக்கு ஆங்கிலம் வந்தபோது எதிர்ப்பக்கமாக வந்தது. ஃபைல் ஆங்கிலம் மட்டும் வந்தது, வீட்டு ஆங்கிலம் வரவில்லை. நம் வீட்டுத் தமிழையே நாம் வெகுகாலம் கொச்சை என்று தள்ளிவைத்திருந்தோம். இடைசெவல் கி.ரா. கரிசல் வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதி கொண்டுவந்தது 1982-ல். விடு, போடு, தொலை, தள்ளு போன்ற துணைவினைகளுக்குத் தனித்தனியாகப் பொருள் கொடுத்த க்ரியா அகராதி வந்தது 1992-ல். அதைப் பார்த்த பிறகுதான் நான் தினமும் பேசுகிற பேச்சில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே உறைத்தது.

அந்தப் பையனுக்கு மில் வேலை கிடைக்கவில்லை. கொஞ்ச நாள் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கினார். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்தார். இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். நான் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாலும், திரும்பி வரும்போது "சார், வாங்க" என்று காசு வாங்காமல் டீ கொடுப்பார். ஒவ்வொரு டீயும் தொண்டையில் நிற்கும்.

2013 ஜூலையில் தந்தி சேவையை நிறுத்தினார்கள். அந்த வாரம் கடையில் எல்லோரும் அதையே பேசினார்கள். கூட்டம் கலைந்த பிறகு அவரைத் தனியே உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். தந்தியில் தள்ளிப்போட்டிருக்கிறோம் என்றுதான் இருந்தது, நான்தான் தப்பாகப் படித்தேன், 39 வருடம் சொல்லாமலும் இருந்துவிட்டேன் என்று.

அவர் கொஞ்ச நேரம் பாய்லரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா இருந்தப்பவே சொல்லியிருக்கலாம் சார். மில்லுக்காரனைத் திட்டிக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாலைந்து நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. அப்புறம் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். டீ கொடுத்தார். காசு வாங்கிக்கொண்டார். எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

இப்போது அவர் பேத்தி ஒன்பதாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலையில் நோட்டோடு வருகிறாள். இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் நம் ஊர்ப் பேச்சு. முதல் பக்கம், முதல் வரியில் புட் ஆஃப் எழுதியிருக்கிறாள். இதை எழுதலாமா என்று போன வாரம் அவள் தாத்தாவைக் கேட்டேன். "பேர் போடாம எழுதுங்க சார்" என்றார்.